ஒரு டின் பெயின்ட் போதும்



பெரிய ரிசோர்ட்டுகளில் அறை இலக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 3214 என்றால் மூன்றாவது கட்டடம், இரண்டாம் மாடி, 14ஆம் அறை. இடத்துக்கிடம் முறை கொஞ்சம் மாறும். ஆனால் இலக்கமே வழி சொல்லும். மலேசியாவின் கெந்திங் மலையில் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,351 அறைகள். அங்கே போகிறவர் தன் அறையை இலக்கத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்.

நம்ம வன்னியில்? போன கிழமை பக்கத்து வீட்டு உம்மம்மாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இருப்பதே நாலு கட்டடம். "பழைய பில்டிங்குக்குப் பின்னால, மேல" என்றார்கள். முழங்கால் வருத்தத்தோடு பிழையான மாடிக்கு இரண்டு தரம் ஏறி இறங்கினா.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாச்சு. இன்னும் தமிழ்ப் பலகைக்குச் சண்டை பிடிக்கிறோம். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் 3214ஐ வாசிக்க எந்த மொழி வேண்டும்? சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோருக்கும் அதே இலக்கம்தான்.

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு டின் பெயின்ட், ஒரு பிரஷ், ஒரு சனிக்கிழமை. அனுமதி தாருங்கள், நானே வந்து எழுதுகிறேன்.

அறைக்கு வாடகை கட்டுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை, வரி கட்டும் ஏழைக்கும் கிடைக்கவேண்டும்.