ஆகாய விமானத்துக்கு ஒரு நீதி, அடகு நகைக்கு ஒரு நீதியா?

திண்டுக்கல்:

தேர்தல் வந்தால் திண்டுக்கல் பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். புழுதி அடங்கியதும் பேச்சு கிளம்பும். "காசு இருந்தா நாமளும் ஒண்ணு வாங்கிப் போடலாம்ல?" என்பார் ஒருவர். "வாங்கிடலாம்ப்பா. வச்சுக் காப்பாத்தணும்ல?" என்பார் பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர்.

லாரிக்காரர் சொல்வதுதான் நியாயம். யானையை வாங்குவது பெரிதல்ல. கட்டித் தீனி போடுவதுதான் பெரிது. விமானமும் அப்படியே.

தீனி என்ன?

லாரிக்கு டீசல், டயர், இன்சூரன்ஸ், எப்.சி., டிரைவர் சம்பளம் உண்டு. விமானத்துக்கும் இதே கணக்குத்தான். பின்னால் போடும் பூஜ்யங்கள்தான் அதிகம்.

நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே எஞ்சின். மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும். அது பங்க்கில் பிடிக்கிற பெட்ரோல் அல்ல, தனி ரகம். இந்தியன் ஆயில் நிறுவனம் அதை உள்நாட்டில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்ததே 2022-ல்தான். அதுவரை இறக்குமதிச் சரக்கு. 100 மணி நேரம் ஓடினால் ஒரு சோதனை. சுமார் 2,000 மணி நேரம் ஓடினால் எஞ்சினை முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டும்.

பறக்காமல் நிறுத்தி வைத்தால் மிச்சமா? அதுவும் கிடையாது. நிறுத்தும் இடத்துக்கு வாடகை, இன்சூரன்ஸ், பைலட் சம்பளம் எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். நின்ற விமானம் துருப்பிடிக்கும். டயர் ஒரே பக்கம் அமுங்கும். ஓடாத எஞ்சினுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பெரிய ஜெட் என்றால் இரண்டு பைலட் வேண்டும். குறித்த காலத்தில் அவர்களுக்குப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. ஜெட் எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வராது. மாநில வரி தனி. சொந்த உபயோகத்துக்கு விமானம் வாங்கினால் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி.! இத்தனையும் கட்டினாலும் திண்டுக்கல்லில் இறங்க ஓடுபாதை இல்லை. மதுரையில் இறங்கிக் காரில்தான் வர வேண்டும்.

சொந்தக் காசில் செய்கிறவரை யாரும் கேட்கப் போவதில்லை. அவர் பணம், அவர் பாடு. தீனி நின்றுபோனால் யார் தலையில் விடிகிறது என்பதுதான் கேள்வி.

பிடிபட்டது விமானம்!

விஜய் மல்லையா கதை ஊர் அறிந்தது. 2005-ல் கிங்பிஷர் விமானக் கம்பெனியை ஆரம்பித்தார். 2012 அக்டோபரில் அது படுத்தது. ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். ஸ்டேட் பாங்கு தலைமையில் 17 பாங்குகளுக்குச் சுமார் 9,000 கோடி ரூபாய் பாக்கி. 2016 மார்ச்சில் மல்லையா லண்டன் போய்விட்டார்.

அவர் சவாரி செய்த ஏர்பஸ் ஏ319 விமானத்தை 2013 டிசம்பரில் சேவை வரி இலாகா பிடித்தது. படுக்கை அறை, மது பார் எல்லாம் வைத்துக் கட்டிய மாளிகை அது. ஜப்தி செய்து மும்பை விமான நிலையத்தில் நிறுத்தினார்கள்.

திண்டுக்கல் பூட்டு போட்டால்கூட அப்படி இறுகியிருக்காது!

2016-ல் ஏலம் வந்தது. கீழ்விலை 152 கோடி ரூபாய். வந்த கேள்வி எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 9 லட்சம்! தள்ளிவிட்டார்கள். மறு ஏலத்தில் 27 கோடியே 39 லட்சம் கேட்டார்கள். அதையும் ஏற்கவில்லை. அதற்குப் பிறகும் ஏலம் போட்டுப் பலன் இல்லை. கடைசியில் 2018-ல் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த கம்பெனி 34 கோடியே 80 லட்சத்துக்கு எடுத்தது. வர வேண்டிய வரி பாக்கியோ நூற்றுக்கணக்கான கோடி.

நாலரை வருஷம் நின்ற இடத்திலேயே விமானத்தின் விலை கரைந்தது. கரைந்தது மல்லையா பணம் அல்ல. ஜனங்களுக்குச் சேர வேண்டிய வரிப் பணம்.

உரைகல் எங்கே போச்சு?

நாகல் நகரில் ஒரு நெசவாளி அவசரத்துக்கு நகை அடகு வைக்கப் போகிறார். பாங்கில் என்ன செய்கிறார்கள்? உரைகல்லில் உரைக்கிறார்கள். தராசில் வைக்கிறார்கள். கல்லின் எடையைக் கழிக்கிறார்கள். அப்புறம்தான் பணம். தவணை தப்பினால் நோட்டீஸ். பிறகு பேப்பரில் ஏல விளம்பரம். தாலிக்கொடி என்றும் பார்ப்பதில்லை.

கிங்பிஷருக்கு என்ன உரைத்தார்கள்? கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும்கூட ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். 2016 ஏப்ரலில் அந்தப் பெயரை 366 கோடியே 70 லட்சம் கீழ்விலை வைத்து ஏலம் விட்டார்கள். கேட்க ஒரு ஆள் வரவில்லை!

"நகைக்கு ஆயிரம் பேர் வருவான். விமானத்துக்கு ஆள் தேட வேண்டாமா?" என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயம்தான். ஆள் கிடைப்பது கஷ்டம் என்று தெரிந்தால் வேகம் அதிகமல்லவா வேண்டும்? தங்கம் பெட்டியில் கிடந்தாலும் தங்கம்தான். விமானம் வெயிலிலும் மழையிலும் நின்றால் பழைய இரும்பு. சீக்கிரம் கெடுகிற சரக்கை முதலில் விற்பவன்தான் வியாபாரி. தக்காளி விற்கிற அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு இது.

என்ன செய்யணும்?

குத்தகைக்கு விட்ட விமானத்துக்குத் தவணை வராவிட்டால், கொடுத்தவர் சீக்கிரம் திரும்ப எடுத்துக்கொள்ள 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வரவேற்க வேண்டியது. அதே வேகம் வரி பாக்கிக்குப் பிடிக்கிற விமானத்துக்கும் வேண்டும். பிடித்த சில மாதத்துக்குள் ஏலம் முடிய வேண்டும். சந்தை நிலவரம் பார்த்துக் கீழ்விலை வைக்க வேண்டும். வழக்கு நடக்கட்டும், விற்ற பணத்தைக் கோர்ட்டில் கட்டி வைக்கலாம்.

கடன் கொடுக்கும் முன்பு பாங்குகள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "யானை வாங்கப் பணம் தர்றோம். தீனிக்கு என்ன வழி?"

பூட்டுப் பட்டறை வைக்கக் கடன் கேட்டுப் போகிறவரிடம் இதைத்தானே துருவித் துருவிக் கேட்கிறார்கள்! பெரிய இடத்தில் கேட்க மட்டும் நாக்கு எழவில்லையா?