சட்டத்தின் வயதும் ஆசனத்தின் அளவும்

மோட்டார் வண்டியில் பின்நோக்கி அமர்த்தப்பட்ட குழந்தையின் ஆசனத்தை எப்பொழுது முன்நோக்கித் திருப்பலாம்? அமெரிக்கப் பெற்றோர் பலர் இதற்கு விடையைப் பிறந்தநாளில் தேடுகிறார்கள். இரண்டு வயது நிரம்பியதும், கடமை தீர்ந்தது போல் திருப்பிவிடுகிறார்கள். இது பிசகான கணக்கென்பதே நமது அபிப்பிராயம்.

இவ்விரண்டு வயது எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவில் 2017ஆம் வருஷ ஆரம்பம் முதல் அமலிலுள்ள சட்டப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை பின்நோக்கியே அமர வேண்டும். 40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ எட்டிய குழந்தைக்கு மட்டும் விலக்குண்டு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் 2011இல் இரண்டு வயதைக் குறிப்பிட்டிருந்தது. ஆனால் 2018இல் அச்சங்கம் வயதையே நீக்கிவிட்டது. ஆசனத்தைச் செய்தவர் விதித்த எடை, உயர வரம்பை எட்டும்வரை குழந்தை பின்நோக்கியே இருக்கட்டும் என்று கூறிவிட்டது.

காரணம் தெளிவானது. சிறு குழந்தையின் தலை, உடலை நோக்கக் கனமானது, கழுத்தெலும்போ முற்றாதது. வண்டி எதிரே மோதுங்கால், முன்நோக்கிய குழந்தையின் உடலை வார் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னே பாயும். அந்த இழுப்பைக் கழுத்தே தாங்க வேண்டும். பின்நோக்கிய குழந்தைக்கோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனமே ஒருசேரத் தாங்குகிறது. இரண்டாம் பிறந்தநாளன்று எலும்பு திடீரென முற்றிவிடுவதில்லை.

'கால் மடங்குகிறதே, குழந்தை அழுகிறதே' என்று ஆக்ஷேபிப்பார் உண்டு. ஸ்வீடனில் நான்கு வயது வரை பின்நோக்கிப் பிரயாணம் செய்வது வெகுகாலமாக வழக்கம். அக்குழந்தைகளுக்கும் கால்கள் உண்டு. அழுகையைத் தேற்றலாம்; முறிந்த கழுத்தை என் செய்வது? ஆனால் ஒன்றில் ஜாக்கிரதை வேண்டும்: காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்நோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது.

நம் தேசத்திலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 194-பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையை வாரிலோ குழந்தைக்குரிய ஆசனத்திலோ பிணைக்காவிடில் ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. எத்திசை நோக்கி என்று அப்பிரிவு கூறவில்லை. சட்டம் வரையறுப்பது, தவறினால் தண்டிக்கத்தக்க குறைந்த அளவை மட்டுமே. அபராதத்திற்குத் தப்பியவர் விபத்திற்கும் தப்பிவிட்டதாகக் கொள்வது பேதைமை.

ஆகவே பெற்றோர்களே, நாட்காட்டியைப் பார்ப்பதை விட்டு, ஆசனத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். குழந்தையை நிறுத்துப் பாருங்கள், அளந்து பாருங்கள். வரம்புக்குள் இருக்கும்வரை திருப்பாதீர்கள்.