பொன்னாடை போதாது; பயிற்சி வேண்டும்!

வெள்ளம் வருகிறது, வீதி ஆறாகிறது, மாடி வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்று கை அசைக்கிறார். அப்போது நாடு யாரைத் தேடுகிறது? மீனவனை! வெள்ளம் வடிகிறது, வீதி காய்கிறது, விழா நடக்கிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் அதே மீனவனைத் தேடுவார் உண்டா? இல்லை! ஏன் இல்லை என்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று கேட்கிறோம், தோழர்களே!

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. கடலில் ஓட வேண்டிய படகுகளைத் தெருவுக்குக் கொண்டு வந்து மக்களை மீட்டவர்கள் குப்பத்து மக்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. 669 படகுகளில் 4,537 மீனவர்கள் சென்று 65,000 பேரை மீட்டார்கள் என்று அந்த மாநில அரசே கணக்குக் காட்டியது. அழைப்பாணை வந்தா போனார்கள்? சம்பளம் பேசியா போனார்கள்? மனிதன் தத்தளிக்கிறான் என்று கேட்டதும் போனார்கள்!

அந்த வீரத்தை வணங்குகிறோம். ஆனால் வீரத்தைப் புகழ்ந்துவிட்டு, வீரனை வெறுங்கையோடு அனுப்புவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

2011 டிசம்பர் 25. பழவேற்காட்டுக்கு உல்லாசப் பயணம் வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் நீரில் மாண்டன. படகில் அளவுக்கு மீறிய ஆட்கள். அவர்கள் உடலிலோ மிதவைச் சட்டை இல்லை. பிறகு என்ன நடந்தது? படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை போடுவது எளிது. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். கரையில் நிற்பவனுக்கு உயிர் காக்கும் முறையைக் கற்றுத் தருவதற்குத்தான் உழைப்பு வேண்டும்!

நீந்தத் தெரிந்தவன் என்பதாலேயே, மூழ்கியவனுக்கு மூச்சை மீட்கத் தெரிந்தவன் ஆகிவிடுவானா? மூழ்கி எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் அறியாமல் செய்கிறார்கள். மருத்துவம் சொல்வது வேறு. மூச்சு நின்றிருந்தால், முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது முறை அழுத்தம், இரண்டு முறை மூச்சு என்று மருத்துவ உதவி வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். வயிற்றை அமுக்கி வீணாக்கும் சில நிமிடங்களில் மூளை செத்துவிடும். பகுத்தறிவு மேடையில் முழங்குவதற்கு மட்டும்தானா? கரையில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சின் மீது கை வைக்கும்போதும் அது வேண்டும்!

நீர் மட்டுமா ஆபத்து? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் பரவியது. ஓடி வந்தார்கள் மாணவர்கள். ஓடி வந்தார்கள் மீனவர்கள். கையில் என்ன இருந்தது? வாளி! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு, மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை நிறைத்தது. ஆறாண்டுகள் கடந்தும் அதே வாளி, அதே குவளை, அதே வெறுங்கை! எண்ணெய்க்குப் பொருத்தமான கையுறையும் முகமூடியும் அணியாமல் அந்தச் சகதியைத் தொடக்கூடாது என்பது தொண்டனுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம். பாடமும் இல்லை, கையுறையும் இல்லை!

திட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒன்றிய அரசின் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் 'ஆப்த மித்ரா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெயரை உச்சரிக்கவே நம் குப்பத்துத் தாய்மார்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்! 'இடர்த் தோழன்' என்றால் ஆகாதா? பெயர் கிடக்கட்டும். பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்கள் என்று அது விரிக்கப்பட்டது. பன்னிரண்டு நாள் பயிற்சி, கருவிப் பை, காப்பீடு என்பது ஏற்பாடு. அடுத்து, என்.சி.சி., என்.எஸ்.எஸ். இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் திட்டமும் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். கல்லூரி வளாகத்தில் மாணவன் கயிறு கட்டக் கற்கட்டும். தூக்குப் படுக்கை தூக்கக் கற்கட்டும். ஆனால் வளாகத்தின் மதிலோடு அந்தப் பாடம் நின்றுவிடலாமா?

பழவேற்காட்டிலிருந்து வெகு தொலைவில் இல்லை பொன்னேரி. அங்கே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஆசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார், ஆய்வுக்கூடம் இருக்கிறது. குப்பத்திலோ, எந்தப் பருவத்தில் முகத்துவாரம் தூர்ந்து போகும், எந்தக் காற்றில் படகு புரளும் என்று அறிந்தவர் இருக்கிறார். அந்த வளாகத்தில் ஆறு நாள், ஏரிக்கரையில் ஆறு நாள் என்று பயிற்சியை வையுங்கள்! முதலுதவியை மாணவன் மீனவருக்குச் சொல்லட்டும். நீரின் குணத்தை மீனவர் மாணவனுக்குச் சொல்லட்டும். ஒருவர் ஆசான், ஒருவர் சீடன் என்ற மேல்கீழ் அங்கே வேண்டாம்.

ஆட்களை எப்படிப் பிரிப்பது என்று அதிகாரிகள் தலையைச் சொறிய வேண்டியதில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை விரிப்பது என்று முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' பழவேற்காட்டில் தலைமுறைகளாக உண்டு. அதைப்போலவே காவலுக்கும் ஒரு பாடு வையுங்கள்! ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். அந்தப் பாட்டில் இடமில்லாதவர்களும் ஏரியில் உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவி எடுக்கும் இருளர் பெண்களுக்கு ஏரியின் ஆழம் காலாலேயே தெரியும். தலைக்கட்டு ஆண்களோடு பட்டியலை முடித்துவிட்டால் அது சமூகநீதியும் ஆகாது. உயிர் காக்கும் வேலைக்கும் உதவாது.

முன்னேற்பாடு என்ன செய்யும் என்பதற்குப் புதுச்சேரியின் நல்லவாடு சாட்சி. 2004 டிசம்பர் 26 அன்று வெளிநாட்டிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, அதை இயக்கத் தெரிந்த இளைஞர் இருந்தார்கள். அலை வீடுகளை அடித்தது, படகுகளை உடைத்தது; ஆனால் ஊரின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தார்கள். அதே காலையில், எச்சரிக்கை எட்டாத நாகை மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. அங்கே மக்களுக்கு வீரமா குறைவு? ஒரு சொல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்!

ஆகவே நாம் கேட்பது நான்கு. பயிற்சி நாளுக்குக் கூலி வேண்டும். பன்னிரண்டு நாள் வலை விரிக்காவிட்டால் பன்னிரண்டு நாள் அடுப்பு எரியாது. மிதவைச் சட்டையும் கயிறும் கையுறையும் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்க வேண்டும். தாலுகா அலுவலகப் பூட்டுக்குள் அல்ல. மீட்கப் போய் மாண்டால் குடும்பத்துக்குக் காப்பீடு வேண்டும். சில ஆண்டுகளில் காலாவதியாகும் காப்பீடு ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன்னே ஒத்திகை வேண்டும்.

கழகத் தோழர்களே! அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடியாது. பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர்க் கிளைகளில் உள்ள ஆலைத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் முதல் வரிசையில் சென்று பயிற்சியில் உட்காருங்கள். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா நமக்குத் தந்தார். வெள்ளத்தில் ஓடுவது கடமை. மீட்கப்பட்டவரின் மானம் காப்பது கண்ணியம். கற்ற முறைப்படி, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நிற்பது கட்டுப்பாடு.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். அது வரும்போது பழவேற்காட்டுக் கரையில் வெறுங்கையோடு ஒரு தொண்டனும் நிற்கக்கூடாது!