இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம். கடன் வாங்கிக் காணிக்கை போட்டவர்கள் மட்டும் கடைசிவரை வாசியுங்கள்.

தமிழ் வினாத்தாளில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று ஒரு கேள்வி வரும். யார், யாரிடம், எப்போது சொன்னது என்று எழுதாமல் பொருளை மட்டும் எழுதினவனுக்கு நான் முழு மார்க் போட்டதே இல்லை. என்னிடம் படித்த உங்களுக்கு அது தெரியும். இன்று மேடையில் நின்று 'ஆசீர்வாத வருஷம்' அறிவிக்கிறவர்களில் பலருக்கு அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்தான்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தரும் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியா 29:11 இல்லாத வருஷம் உண்டா? கர்த்தர் நமக்கு நன்மையான எதிர்காலம் வைத்திருக்கிறார், ஆகவே வீடு வரும், விசா வரும், புரமோஷன் வரும் என்கிறார்கள். இடம் என்ன? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. பத்தாம் வசனத்தில் '70 வருஷம்' என்று இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொன்னான். வேதம் அவனைக் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. நம்முடைய அட்டைகளில் எரேமியாவின் பெயர் இருக்கிறது, அனனியாவின் செய்தி இருக்கிறது.

மல்கியா 3:10ஐயும் பாருங்கள். தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று மைக்கில் முழங்குகிறார்கள். ஐந்து வசனம் மேலே போனால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைக்கிறவனையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனையும் கர்த்தர் நியாயந்தீர்க்க வருவதாக இருக்கிறது. அதை வைத்து யாராவது அட்டை அடித்திருக்கிறார்களா? வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் பாக்கி வைத்துக்கொண்டு தசமபாகக் கவர் போடுகிற வீடுகள் நம் சொந்தத்திலேயே உண்டு. பெயர் சொல்லவில்லை, வாசிப்பார்கள்.

பிலிப்பியர் 4:13 கார் கண்ணாடியில் ஒட்டுகிற வசனமாகிவிட்டது. பவுல் அதை எழுதினது கட்டப்பட்ட நிலையில். அதற்கு முந்தின இரண்டு வசனத்தில், பட்டினியாக இருக்கவும் தெரியும், திருப்தியாக இருக்கவும் தெரியும் என்கிறார். அவருக்குப் பலன் கிடைத்தது அந்த இரண்டையும் ஒரே மனதோடு தாங்குவதற்கு. கார் வாங்குவதற்கு அல்ல.

'விதைப்புக் காணிக்கை' என்ற வார்த்தை என் தாத்தா காலத்துச் சபையில் இல்லை. அமெரிக்க சுவிசேஷகர் ஓரல் ராபர்ட்ஸ் பிரபலமாக்கிய உபதேசம் அது, 1970இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். கடவுளிடம் பணத்தை விதைத்தால் பல மடங்காக அறுக்கலாமாம். சீட்டுக் கம்பெனிக்காரன் இதைச் சொன்னால் போலீசுக்குப் போவோம். போதகர் சொன்னால் ஆமென் சொல்கிறோம்.

நம் திருநெல்வேலி வேறுவிதமாகக் கொடுத்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள் நம் பாட்டிமார். அவர்களும் வசதியானவர்கள் அல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நம் ஊர் ஆட்களைத் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியபோது, அங்கிருந்து லாபம் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியாவும் அந்தத் தொடக்கத்தில் இருந்தவர்தான். அசனப் பண்டிகையில் இன்றும் பணக்காரனும் பனையேறியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறார்கள். அங்கே அதிகம் கொடுத்தவனுக்கு அதிகக் கறி கிடையாது. (கிடைக்கிற ஊர்களும் உண்டு, அது வேறு வழக்கு.)

சாட்சி நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கார் வாங்கினவர் எழுகிறார். மனை வாங்கினவர் எழுகிறார். கனடா போன மகனின் தகப்பன் எழுகிறார். பின்வரிசையில் இருக்கிற அம்மாவின் கணவர் டயாலிசிஸில் இருக்கிறார், மகளுக்கு வரன் அமையவில்லை. அவர் எதைச் சொல்லி எழுவார்? உன் விசுவாசம் போதாது என்று அவரிடம் சொல்லியும் விடுகிறார்கள். நோய் ஒரு பாரம், கடன் ஒரு பாரம், அதன்மேல் இந்தப் பழி. என்னைக் கோபப்படுத்துவது இதுதான், ஊழியர்களின் வெள்ளைக் கார் அல்ல.

"சார், உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, பேசுகிறீர்கள்" என்று ஒரு பையன் நிச்சயம் எழுதுவான். நியாயமான கேள்வி. ஆகவே இதையும் சொல்கிறேன்: போதுமென்ற மனதை ஏழையின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறவனும் அதே பாவத்தைத்தான் செய்கிறான். வேலை நியமனத்துக்கு லட்சங்களை வாங்கிக்கொண்டு, தற்காலிக ஆசிரியருக்குக் கிள்ளிக் கொடுத்து, ஊழியமாக நினைத்துத் திருப்தியாயிரு என்று உபதேசிக்கிற நிர்வாகிகளை நான் பார்த்திருக்கிறேன். படித்து முன்னேறுவதை வேதம் எங்கும் தடுக்கவில்லை. படிக்கவைத்துத்தான் மிஷனரிகள் நம்மை நிமிர்த்தினார்கள். நல்ல சம்பளம் கேளுங்கள், வாதாடி வாங்குங்கள்.

1 தீமோத்தேயு 6ஆம் அதிகாரத்தைப் பவுல் எழுதினது யாரை எதிர்த்து? தேவபக்தியை ஆதாயத்தொழிலாக எண்ணுகிறவர்களை எதிர்த்து. அது ஐந்தாம் வசனம். போதுமென்கிற மனதைப் பற்றிய ஆறாம் வசனம் அவர்களுக்கான பதில். உணவும் உடையும் இருந்தால் போதும் என்று எட்டாம் வசனத்தில் சொல்கிறார். 17, 18ஆம் வசனங்களில் பணக்காரர்களிடம் திரும்பி, பெருமை வேண்டாம், பகிர்ந்து கொடு என்கிறார். பணம் வைத்திருப்பவனை அவர் துரத்தவில்லை. பக்தியைக் கொண்டு பணம் பண்ணுகிறவனோடு சேராதே என்கிறார்.

இந்த வருஷமும் அட்டை தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அந்த வசனத்துக்கு மேலே பத்து, கீழே பத்து வசனம் வாசித்து, என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். திருத்தி மார்க் போடுகிறேன். நகையை அடகு வைத்து விதைக்கச் சொல்லி யாராவது வந்தால், அடகுக் கடைக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். ராத்திரி பத்து மணிவரை விழித்திருப்பேன்.