தோட்டம் இல்லாத கிண்டர்கார்டன், முற்றம் இல்லாத அங்கன்வாடி

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். அந்த 'கே.ஜி.' எதைக் குறிக்கிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. கிண்டர்கார்டன் என்பது ஜெர்மன் சொல். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபிரோபெல், 1840-இல் அதற்கு வைத்த பெயர் அது. சும்மா அழகுக்காக வைத்ததல்ல. குழந்தைகள் செடி வளர்க்க உண்மையிலேயே பாத்திகள் வேண்டும் என்றவர் அவர்.

அங்கன்வாடி என்ற பெயரும் அப்படித்தான். இந்தியில் 'ஆங்கன்' என்றால் முற்றம். தமிழக அங்கன்வாடிகளுக்கான முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரோ 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'!

ஆக, ஒரு பெயரில் தோட்டம் இருக்கிறது, இன்னொன்றில் முற்றம் இருக்கிறது, மூன்றாவதில் விளையாட்டே இருக்கிறது. குழந்தை மட்டும் பல இடங்களில் நான்கு சுவருக்குள் கைகட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறது. ஏன் இப்படி?

வெளியே விளையாடினால் என்ன கிடைக்கும்?

விளையாட்டு என்பது படிப்புக்கு நடுவே விடும் இடைவேளை என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே விளையாட்டுதான் படிப்பு. சறுக்கு மரத்தில் ஏற வரிசையில் நிற்கும்போது குழந்தை பொறுமையைக் கற்கிறது. குதிக்கும் முன் உயரத்தைக் கண்ணால் அளக்கிறது. ஈர மணலும் காய்ந்த மணலும் ஒன்றல்ல என்று கை சொல்லித் தருகிறது. 'இப்ப என் முறை' என்று சண்டை போட்டுத் தானே சமாதானமாகவும் பழகுகிறது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது ஓடியாடி மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். பகலின் பெரும்பகுதியை வகுப்பறையிலும், வேனிலும், டி.வி. முன்னாலும் கழிக்கும் குழந்தைக்கு இந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்?

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. சில பள்ளிகளில் மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் அது 30.4 சதவீதம். எந்த மருந்தும் இல்லை, எந்தக் கருவியும் இல்லை. வெறும் பகல் வெளிச்சம்!

இடம்தான் பிரச்சினையா?

கேட்டால் வரும் முதல் பதில், 'இடம் இல்லை' என்பதுதான். அது பொய்யல்ல. நகரத்தில் குடியிருப்பு வீட்டையே நர்சரிப் பள்ளியாக மாற்றுகிறார்கள். கார் நிறுத்துமிடம் பிரேயர் ஹால் ஆகிறது. குறுகிய சந்துகளில் வாடகை வீட்டில் நடக்கும் அங்கன்வாடிகளில் வாசற்படி தாண்டினால் தெருதான். சட்டமும் இங்கே முழுதாகக் கைகொடுக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தரும் உரிமை 6 முதல் 14 வயது வரைதான்.

ஆனால், இடம் இருக்கும் இடத்திலாவது குழந்தைகள் விளையாடுகிறார்களா? 2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. வளாகம் என்றால் மைதானமும் மரமும் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் எட்டாம் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் நேரத்தில் நாலு வயதுக் குழந்தையை யார் அங்கே விடுவார்கள்? தனியார் பள்ளிகளில் வேறு கதை. அட்மிஷன் விளம்பரப் படத்தில் ஊஞ்சலும் சீசாவும் பளிச்சென்று இருக்கும். வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆகவே இடம் பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி ஆள், பயம், பெற்றோர்.

ஒரு டீச்சர், ஒரு ஆயா

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஆறு சேவைகள் உண்டு. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து ஆலோசனை, முன்பருவக் கல்வி. ஆறும் வந்து விழுவது பெரும்பாலும் ஒரு பணியாளர் தலையிலும் ஒரு உதவியாளர் தலையிலும். ஆயா அடுப்படியில் இருப்பார். டீச்சர் எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், செல்போனில் விவரம் ஏற்ற வேண்டும். இருபது குழந்தைகளை வெளியே விட்டால் இருபது திசையில் ஓடும். இரண்டு கண் போதுமா?

ஒரு குழந்தை விழுந்து முழங்கால் சிராய்த்துவிட்டால் முதல் கேள்வி, 'நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?' என்பதாகத்தான் இருக்கும். ஒரு வருடம் முழுக்கக் குழந்தைகளை வெளியே விடாமல் உட்கார வைத்திருந்தால் கேட்க ஆள் இல்லை. விளையாட விட்டால் விசாரணை, விடாவிட்டால் நிம்மதி! இந்த நிலையில் கதவைச் சாத்தி வைக்கும் டீச்சரைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

வெளியேதான் ஆபத்து என்ற நினைப்பும் சரியல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகள் தீயில் இறந்தார்கள். அது மைதானத்தில் நடந்ததல்ல. நெருக்கி அடைத்த கட்டடத்தில், கூரைக்குக் கீழே நடந்தது. அடைத்து வைப்பது வேறு, பாதுகாப்பு வேறு.

பெற்றோர் என்ன கேட்கிறார்கள்?

மாலையில் குழந்தை வந்ததும் வீட்டில் முதல் கேள்வி, 'இன்னைக்கு என்ன எழுதின?' 'என்ன விளையாடின?' என்று கேட்கும் வீடுகள் எத்தனை? சட்டையில் மண் ஒட்டியிருந்தால், 'விளையாடவா இவ்வளவு ஃபீஸ் கட்டுறோம்?' என்று அடுத்த நாள் புகார் வரும். பெண் குழந்தை என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 'வெயில்ல விடாதீங்க டீச்சர், புள்ள கறுத்துடுவா.' மூன்றரை வயதிலேயே நிறம் பார்த்து ஒரு குழந்தையின் ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பையனுக்கு ஷூ, டை, பெல்ட். அதைப் போட்டுக்கொண்டு மணலில் உட்காரவும் முடியாது, மரத்தில் ஏறவும் முடியாது.

இத்தனைக்கும் விளையாட்டைக் கொண்டாடிய மொழி தமிழ். பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். ஆண்பாலில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் பொதுவாக வருபவை அம்மானை, நீராடல், ஊசல். எல்லாமே விளையாட்டு! பாரதியின் பாப்பாப் பாட்டையோ இன்று உட்கார்ந்த இடத்திலேயே ஒப்பிக்க வைக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவையில்லை. வெயில் ஏறும் முன், காலை 9.30 முதல் 10.15 வரை ஒரு வேப்ப மர நிழல் போதும். ஒரு வண்டி மணல், பழைய டயர் நாலு, தண்ணீர் ஊற்றி விளையாடக் கொஞ்சம் தேங்காய்ச் சிரட்டை. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் 'பூச்சி வரும்' என்ற பயமும் குறையும். நடுநிலைப்பள்ளி வளாகங்களில் அந்த முக்கால் மணி நேரம் மைதானம் சின்னவர்களுக்கு மட்டும் என்று தலைமை ஆசிரியர் ஒதுக்கலாம். முற்றமே இல்லாத மையம் அருகிலுள்ள கோயில் திடலையோ பூங்காவையோ வாரத்தில் சில நாட்கள் பயன்படுத்த உள்ளாட்சி வழி செய்யலாம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று, விளையாட்டு நேரத்தில் இன்னொரு ஆள். தாய்மார்கள் முறை வைத்து வந்து நின்றாலும் போதும். இரண்டாவது, ஆய்வுக்கு வரும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டும்போது, 'இன்று குழந்தைகள் எவ்வளவு நேரம் வெளியே இருந்தார்கள்?' என்றும் கேட்க வேண்டும். கேட்கப்படாத வேலை நடப்பதில்லை. எடையைக் கேட்கிறார்கள், அதனால் எடை பார்க்கப்படுகிறது. விளையாட்டையும் கேட்டால் கதவு திறக்கும்.

முழங்கால் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஓடாமல் போன மூன்று வயதும் நான்கு வயதும் திரும்பி வருவதில்லை.