இரத்தத்தின் மீதா பழி?

கலியாணப் பேச்சு எழுந்தவுடன் எம்மவர் இரகசியமாக விசாரிக்கும் கேள்வி ஒன்றுண்டு: "அந்தக் குடும்பத்தில் மூளைக் கோளாறு உள்ளவர் எவரேனும் உளரோ?" ஆம் என்றால் வழக்கு முடிந்தது. விசாரணை இல்லை, மேன்முறையீடும் இல்லை. இதற்கு அஞ்சியே, தங்கையின் கலியாணம் குழம்பாதிருக்க, நோயுற்ற தமையனை வைத்தியரிடம் காட்டாது அறையில் ஒளித்துவைக்கின்றனர்.

பரம்பரையைக் குற்றமாக்கும் இத்தீர்ப்பை நீதிமன்றமே வழங்கிய கொடுமையும் உண்டு. தாய், மகள், பேர்த்தி மூவரும் மந்தபுத்தியினர் எனக் கொண்டு, காரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாமென 1927 இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. நீதியரசர் ஒன்பதின்மருள் எண்மர் உடன்பட்டனர். காரியின் அக்குழந்தையோ பின்னர் பள்ளியில் கெட்டிக்காரர் பட்டியலில் இடம்பெற்றாள்! 1933 இல் ஹிட்லரின் ஆட்சியும் இத்தகைய சட்டம் இயற்றிற்று. ஏறக்குறைய 4 இலட்சம் பேர் அதற்குப் பலியாயினர்.

இன்றைய விஞ்ஞானம் கூறுவதென்ன? மனச்சிதைவு நோயில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. அதை மறுப்பது நேர்மையன்று. ஆயின் அந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மனிதப் பரம்பரையலகுத் தொகுதியில் 2022 இல் வெளியான பேராய்வு சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. நோயற்றவரிடமும் அவை உள. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்கு வருவது ஏறத்தாழப் பாதியளவே.

எஞ்சியது எங்கிருந்து வந்தது? ஒரே விதைநெல் இரு வயலில் இரு விதமாய் விளைவதைக் கமக்காரர் அறியாரோ? 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை உணவை மறித்து ஒல்லாந்து மக்களைப் பட்டினியிட்டது. அப்பஞ்சத்தின் உச்சத்தில் கருவானோரிடையே மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. பஞ்சத்திற் கருவானோரின் பரம்பரையலகொன்றில், அதன் இயக்கத்தை ஆளும் இரசாயனக் குறி 60 ஆண்டுகளின் பின்னும் குறைந்திருந்ததை 2008 இல் ஆய்வாளர் கண்டனர். அக்குறியே நோய்க்குக் காரணமென்பது நிரூபிக்கப்படவில்லை. எனினும், குடும்ப இரத்தத்தை மட்டும் கூண்டிலேற்றி, பட்டினியிட்ட அதிகாரத்தைத் தப்பவிடும் வழக்கு இனி நிலைக்காது.

கற்றோரே, கமக்காரரே! கர்ப்பிணிக்கு நல்லுணவும் நோயாளிக்குச் சிகிச்சையும் உரிமையெனக் கேளுங்கள். நோயுற்றவரை ஒளிக்காது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். விசாரணையின்றி ஒரு குலத்தைத் தண்டிக்கும் அதிகாரம் உங்களுக்கு யார் தந்தது?