ஏழு தாலருக்கு விலைபோகாத மானம்

அமெரிக்க அடிமைகளுக்கு ஆபிரகாம் இலிங்கன் விடுதலை 'வழங்கினார்' என்று பாடநூல் முதல் மேடைப் பேச்சு வரை ஓதப்பட்டு வருகின்றது. வழங்கினாராம்! தனக்குரியதைப் பிறர்க்குத் தருவதன்றோ வழங்குதல்? ஒரு நாட்டின் சட்டங்களே ஓர் இனத்தாரின் உரிமையைப் பறித்து வைத்திருந்து, பின்னர் வேறு வழியின்றித் திருப்பித் தந்ததற்கு அப்பெயரிட்டவர்கள் வரலாற்றுக்கு மட்டுமா, மொழிக்குமன்றோ கேடு செய்தனர்! அச்சொல் பொய் என்பதற்கு 54-ஆம் மாசசூசெட்சு தன்னார்வக் காலாட்படையின் கதை ஒன்றே போதும்.

1861-இல் வடக்கிற்கும் தெற்கிற்கும் உள்நாட்டுப் போர் மூண்டபொழுது, படையிற் சேர வந்த கறுப்பரை வடக்கு திருப்பி அனுப்பிற்று. இது வெள்ளையரின் போராம்! ஏறத்தாழ ஈராண்டு குருதி வடிந்த பின்னரே, 1863 சனவரி முதல் நாள் வெளியிட்ட அறிவிப்பில், கறுப்பரையும் படையிற் சேர்க்க இலிங்கன் அரசு இறங்கி வந்தது. ஆள் தேவைப்பட்டது, அறமும் உடன் நினைவுக்கு வந்தது! மாசசூசெட்சு ஆளுநர் சான் ஆண்ட்ரூ படை திரட்டினார். வந்தவருட் பெரும்பாலோர் வடக்கில் தளையின்றி வாழ்ந்தவர். உழவரும் கப்பலோட்டிகளும் முடிதிருத்துவோரும் அவருள் இருந்தனர். பிரடெரிக் தக்ளசின் மைந்தர் இருவரும் சேர்ந்தனர். பிடிபடும் கறுப்புப் படைஞரை அடிமைச் சட்டங்களின்படி ஒறுப்போம் எனத் தெற்கு முழங்கியிருந்தது. அதனை அறிந்தே சேர்ந்தனர்.

1863 சூலை 18-ஆம் நாள் மாலை, தென் கரோலினாவின் சார்லசுட்டன் துறைமுகத்தைக் காத்து நின்ற வாக்னர் கோட்டையின்மேல் இப்படை முன்னணியாய்ப் பாய்ந்தது. பாய்ந்த அறுநூற்றுவருள் 270-க்கு மேற்பட்டோர் மாண்டும் புண்பட்டும் காணாமற்போயும் மறைந்தனர். படைத்தலைவர் இராபர்ட்டு கூல்டு சா மதில்மேல் வீழ்ந்தார். கோட்டை விழவில்லை. இவ்வளவுதான் உலகம் அறிந்தது. 1989-இல் வந்த 'குளோரி' என்னும் திரைப்படமும் இவ்விடத்தோடு கதையை முடித்துக்கொண்டது.

ஆனால் இப்படையின் பெரும்போர் அக்கோட்டை வாயிலில் நிகழ்ந்ததன்று. ஊதிய மேசையின் முன் நிகழ்ந்தது.

சேரும்பொழுது இவர்க்கு உறுதியளிக்கப்பட்டது திங்களுக்கு 13 தாலர். வெள்ளைப் படைஞனுக்கும் அதுவே. கொடுக்க வந்ததோ 10 தாலர். அதிலும் உடைக்கென 3 தாலர் பிடித்தம். எஞ்சியது ஏழு! வெள்ளையனுக்கு உடைச்செலவு தனியே உண்டு. கரணியம் கேட்டால், 1862-ஆம் ஆண்டின் சட்டத்தைக் காட்டினர். ஆப்பிரிக்க வழியினர்க்கு அதில் குறித்திருந்த தொகை அஃதே என்றனர். குழி வெட்டவும் மூட்டை சுமக்கவும் வருவோரை எண்ணி எழுதிய சட்டம் அது. கூலி வேறு, படைஞனின் ஊதியம் வேறு. இவ்வேறுபாட்டை அரசு மறந்தது. 54-ஆம் படை மறக்கவில்லை. ஒரு காசும் தொடமாட்டோம் என்றது.

சேம்சு என்றி கூடிங்கு என்னும் படைஞர் 1863 செப்தம்பர் 28-ஆம் நாள் இலிங்கனுக்கே மடல் எழுதினார். நாங்கள் படைஞரா, கூலியாட்களா என்பதே அவர் வினா. மாசசூசெட்சு மாநில மன்றம் இரங்கியது. குறையும் தொகையைத் தானே ஈடு செய்வதாய்ச் சட்டம் இயற்றியது. அதனையும் மறுத்தனர்! பணம் வேண்டுமென்றா கேட்டனர்? தாம் தாழ்ந்தவர் என்னும் ஏற்பாட்டுக்கு ஒட்டுப்போட வந்த ஈகையை அவர்கள் ஏற்கவில்லை. ஊரில் மனைவி மக்கள் பசியில் வாடினர். எனினும் படை அசையவில்லை. அச்சமின்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வேண்டுமெனின், இதனையும் கேளுங்கள். முன்னாள் அடிமைகளால் ஆன 3-ஆம் தென் கரோலினாப் படைப்பிரிவில் வில்லியம் வாக்கர் என்னும் சார்சண்டு, இதே ஊதிய வஞ்சனையை எதிர்த்துத் தம் தோழரைப் படைக்கருவிகளைக் கீழே வைக்கச் செய்தார். 1864 பெப்ருவரி 29-ஆம் நாள் அவரைக் கலகக்காரர் எனச் சுட்டுக் கொன்றனர். விடுதலை வழங்கிய அரசின் படைதான் சுட்டது!

அதற்கு ஒன்பது நாள் முன்னர், புளோரிடாவின் ஒலசுட்டீயில் வடபடை தோற்றோடியபொழுது, பின்னணியில் நின்று அதனைக் காத்த படைகளுள் 54-ஆம் படையும் ஒன்று. களம் புகும்போது அவர்கள் மாசசூசெட்சுக்கும் திங்களுக்கு ஏழு தாலருக்கும் வாழ்த்தொலி எழுப்பினராம். இந்த எள்ளலுக்கு ஈடான எள்ளல் படை வரலாற்றில் அரிது.

வெள்ளைத் தலைவர் சாவும் இவர்களோடு நின்றாரே என்பர். நின்றார், ஊதியக் குறைப்பை எதிர்த்தும் எழுதினார். தெற்கத்தியர் அவரை இழிவுபடுத்த எண்ணிக் கறுப்பரோடு ஒரே குழியிற் புதைத்தபொழுது, அதனினும் சிறந்த இடம் தம் மகனுக்கு இல்லை என்றார் அவர் தந்தை. மறுப்பார் யார்? ஆனால் 1897-இல் பாசுட்டனில் எழுந்த நினைவுச் சின்னத்தைப் பாருங்கள்: குதிரைமேல் சா, காலாள்களாய்க் கறுப்பர். மாண்ட வெள்ளைத் தலைவர் பெயர்கள் கல்லில் இருந்தன. மாண்ட கறுப்பர் பெயர்கள் பொறிக்கப்பட்டது 1980-களின் தொடக்கத்தில்! தலைமைப் பொறுப்பிலும் இதே கதைதான். இசுட்டீவன் சுவெயில்சு என்னும் கறுப்பரை ஆளுநர் 1864-இல் தலைமைப் பதவிக்கு உயர்த்தினார். போர்த்துறை அதனை ஏற்றது 1865 சனவரியில்.

1864 சூனில் அமெரிக்கப் பேராயம் நிகர் ஊதியத்திற்குச் சட்டம் செய்தது. அதிலும் ஒரு முள்! 1861 ஏப்பிரல் 19-ஆம் நாள் அடிமையாய் இல்லாதிருந்தவர்க்கே சேர்ந்த நாள் முதல் முழுத்தொகை. ஒரே படையில் தோளொடு தோள் நின்றவரை இருகூறாக்கும் சூழ்ச்சி இது. சாவுக்குப் பின் தலைமையேற்ற எட்வர்டு ஆலோவெல் ஓர் உறுதிமொழி வகுத்தார்: அந்நாளில் ஊதியமில்லா உழைப்பை எவனுக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை என்பது அதன் பொருள். முன்னாள் அடிமையும் கைதூக்கி உண்மையாகவே சொல்லத்தக்க சொல் அது; அடிமையின் உழைப்பு ஆண்டானுக்கு என்று கடனாயிருந்தது? அனைவரும் சொன்னார்கள்.

செப்தம்பர் இறுதியில், ஏறத்தாழ 18 திங்கள் கழித்து, முழு ஊதியம் வந்தது. கூடிங்கு அதைப் பெறவில்லை. ஒலசுட்டீயில் புண்பட்டுப் பிடிபட்ட அவர், அவ்வாண்டு சூலை 19-ஆம் நாள் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துபோயிருந்தார்.